அவருக்கு இங்கிலீஷ் எப்படித் தெரிந்தது?

பொறையார்,
டிசம்பர் 4.

அன்புள்ள அம்முவுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவும் நானும் நலம். மழை விட்டு நாலு நாளாகியும் கொல்லையில் ஈரம் காயவில்லை. நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் அந்தக் குளிரில் பத்திரமாக இருக்கிறீர்களா?

வாட்ஸ்அப்பில் தினமும் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் ஆரம்பித்தால் நடுவில் பாப்பா வருவாள், இங்கே பால்காரர் கூப்பிடுவார், உனக்கு மீட்டிங் வந்துவிடும். இது பாதியில் நிற்கக்கூடாத விஷயம். நிதானமாக உட்கார்ந்து எழுதினால்தான் எனக்கே ஒழுங்காக வருகிறது.

போன வாரம் உங்கள் அமெரிக்காவின் நன்றி நாளன்று (தாங்க்ஸ்கிவிங்) பாப்பா தலையில் காகித இறகு கட்டிக்கொண்டு வீடியோவில் வந்தாள் அல்லவா? பள்ளி நாடகத்தில் அவளுக்கு சமோசெட் வேஷம், பிளிமவுத்தில் குடியேறிய இங்கிலீஷ்காரர்களை வரவேற்ற பழங்குடி மனிதர். ஒரே ஒரு வசனம்: "வெல்கம், இங்கிலீஷ்மென்!" நாலு தடவை எனக்குச் சொல்லிக் காட்டினாள். அப்புறம் அவளாகவே கேட்டாள்: "பாட்டி, இங்கிலீஷ்காரங்க இப்பதானே முதல் தடவையா வர்றாங்க? அப்போ இவருக்கு இங்கிலீஷ் எப்படித் தெரியும்?"

நீ பின்னாலிருந்து "மிஸ்கிட்ட கேளு" என்றாய். நானும் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை, அம்மு. முப்பத்தொரு வருஷம் சரித்திரப் பாடம் நடத்தியவள் நான். என் வகுப்பில் ஒரு பிள்ளை அப்படிக் கேட்டிருந்தால் தோளில் தூக்கி வைத்துக் கொண்டாடியிருப்பேன். அந்தக் கேள்வி நாடகம் முழுவதையும் பிரித்துப் போட்டுவிடுகிறது. அதனால் இந்த ஒரு வாரமாகத் தேடித் தேடிப் படித்தேன். பாப்பாவுக்கு நீ சொல்வதற்காக எழுதுகிறேன். எதைச் சொல்லலாம், எதை இப்போது வேண்டாம் என்று கடைசியில் சொல்கிறேன்.

சமோசெட்டுக்கான பதில் சின்னது. அவர் அந்த ஊர்க்காரரே அல்ல. வடக்கே, இப்போதைய மெய்ன் கடற்கரையைச் சேர்ந்த அபெனாக்கி இனத்தவர். அங்கே மொன்ஹிகன் தீவுப் பக்கம் மீன்பிடிக்க இங்கிலீஷ் கப்பல்கள் வருஷா வருஷம் வந்துகொண்டிருந்தன. அந்த மீனவர்களிடம் அவர் உடைந்த இங்கிலீஷ் கற்றிருந்தார். 1621 மார்ச் 16 அன்று பிளிமவுத் குடியிருப்புக்குள் தன்னந்தனியாக நடந்து வந்து அவர்கள் மொழியிலேயே வரவேற்றார். ஆக, 1620இல் அந்தக் குடியேறிகளைக் கொண்டுவந்த மேஃபிளவர் அந்தக் கரைக்கு வந்த முதல் இங்கிலீஷ் கப்பல் அல்ல. அன்றே சமோசெட் இன்னொன்றும் சொன்னார்: என்னைவிட நன்றாக இங்கிலீஷ் பேசுகிற ஒருவர் இங்கே இருக்கிறார்.

ஆறு நாள் கழித்து அந்த ஒருவர் வந்தார். பெயர் டிஸ்குவாண்டம். பாப்பாவின் புத்தகத்தில் ஸ்குவாண்டோ என்று போட்டிருக்கும். இவருக்கு இங்கிலீஷ் தெரிந்த கதைதான் என்னை உலுக்கியது.

நான் உன்னோடு இருந்தபோது பிளிமவுத் போனோமே, தூண்கள் நடுவே இரும்புக் கம்பிக்குப் பின்னால் 1620 என்று செதுக்கிய அந்தக் கல்லைப் பார்த்துவிட்டு "இவ்வளவுதானா?" என்றாய். அந்த ஊரின் முந்தைய பெயர் பட்டக்செட். வாம்பனோவாக் மக்களின் ஊர். வாம்பனோவாக் என்றால் முதல் வெளிச்சத்தின் மக்கள், கிழக்கே சூரியன் முதலில் எழுகிற கரையில் இருப்பவர்கள். 1605இல் பிரெஞ்சுக்காரர் சாம்ப்ளேன் அந்தத் துறைமுகத்தை வரைந்திருக்கிறார். கரையைச் சுற்றிலும் வீடுகள், வீடுகளைச் சுற்றி மக்காச்சோளக் கொல்லைகள். ஆள் நிறைந்த ஊர்.

1614இல் தாமஸ் ஹண்ட் என்ற இங்கிலீஷ் கப்பல் தலைவன் அங்கே வந்தான். வியாபாரம் பேசலாம் என்று ஆட்களைக் கப்பலுக்கு வரவழைத்துப் பிடித்துக்கொண்டான். பட்டக்செட்டில் இருபது பேர், கேப் காட் பக்கம் நோசெட்டில் ஏழு பேர். ஸ்பெயினில் மலாகா துறைமுகத்துக்குக் கொண்டுபோய் அடிமைகளாக விற்றான். சிலரை அங்கிருந்த துறவிகள் மீட்டார்கள். டிஸ்குவாண்டம் எப்படியோ லண்டன் போய்ச் சேர்ந்தார். கார்ன்ஹில் தெருவில் ஜான் ஸ்லானி என்ற வணிகரின் வீட்டில் இருந்தார். இங்கிலீஷ் அங்கே வந்ததுதான். பிறகு நியூஃபவுண்ட்லாந்து, மறுபடி கடல், கடைசியில் 1619இல் டெர்மர் என்ற கப்பல் தலைவரோடு சொந்த ஊருக்குத் திரும்பினார்.

ஊரில் யாரும் இல்லை. 1616 முதல் 1619 வரை அந்தக் கரை முழுவதும் ஒரு கொள்ளைநோய் வந்திருந்தது. ஐரோப்பியக் கப்பல்களோடு வந்த நோய். பட்டக்செட்டில் எல்லோரும் போய்விட்டார்கள். அந்தப் பக்கங்களில் புதைக்க ஆளில்லாமல் எலும்பும் மண்டையோடும் வெளியிலேயே கிடந்ததை இங்கிலீஷ்காரர்களே பின்னால் பார்த்து எழுதியிருக்கிறார்கள். அடுத்த வருஷம் மேஃபிளவர் வந்தது. காடு திருத்தி உழுத நிலம், நல்ல ஓடைத் தண்ணீர், ஆளில்லாத ஊர். கடவுள் தங்களுக்காகவே காலி செய்து வைத்திருக்கிறார் என்று நம்பினார்கள். தன் வீடு இருந்த இடத்தில் அடுத்தவர் வீடு கட்டுவதை டிஸ்குவாண்டம் பார்த்தார். அவர்கள் மொழியிலேயே அவர்களோடு பேசினார்.

பாப்பாவின் கேள்விக்குப் பதில் இதுதான், அம்மு. அவருக்கு இங்கிலீஷ் தெரிந்தது, அவரைத் திருடிக்கொண்டு போனதால்.

இதைப் படிக்கும்போது இன்னொன்று கண்ணில் பட்டது. 1621 கோடையில் இங்கிலீஷ் குடியிருப்பில் ஒரு பையன் காட்டில் வழி தவறிப் போய்விட்டான். பிள்ளை எங்கே என்று விசாரித்துச் சொல்லியனுப்பியவர் வாம்பனோவாக் பெருந்தலைவர் ஊசாமேக்வின். மாசசோயிட் என்று சிலையில் எழுதியிருந்தது நினைவிருக்கிறதா? மாசசோயிட் என்பது பட்டம். ஊசாமேக்வின் என்பதே பெயர், மஞ்சள் இறகு என்று அர்த்தம். பையனைத் தேடிப் படகில் போனவர்கள் வழியில் கம்மாக்குவிட் என்ற இடத்தில் இறங்கினார்கள். அந்த ஊரின் இளம் தலைவர் ஐயானோ அவர்களுக்குச் சாப்பாடு போட்டு மரியாதை செய்தார். நீங்கள் கோடையில் போகிற ஹையானிஸ் அவர் பெயரால் வந்ததுதான்.

அங்கே ஒரு கிழவி வந்தாள். நூறு வயதுக்குக் குறையாது என்று எழுதியிருக்கிறார்கள். இங்கிலீஷ்காரர்களைப் பார்த்ததே இல்லை, பார்க்க வேண்டும் என்று வந்தாளாம். பார்த்ததும் அடக்க முடியாமல் கதறி அழுதாள். ஏன் என்று கேட்டார்கள். அவளுடைய மூன்று மகன்களும் வியாபாரத்துக்கு ஹண்டின் கப்பலில் ஏறியவர்கள். மூன்று பேரையும் கொண்டுபோய்விட்டான். வயதான காலத்தில் பிள்ளைகள் இல்லாமல் நிற்கிறாள்.

அந்த வரிகளை மூடிவைத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்தேன். நீ முதல் முதலாக விமானம் ஏறிய அன்று கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று நான் அழுததை நீ இன்னும் சொல்லிக் காட்டுவாய். எனக்கு உன் முகம் தினமும் போனில் தெரிகிறது. சாப்பிட்டாயா என்று கேட்க முடிகிறது. அவளுக்கு ஏழு வருஷம் ஒரு தகவலும் இல்லை. யார் கொண்டுபோனார்கள் என்பது மட்டும் தெரியும். அவர்கள் எப்படி இருப்பார்கள் என்று பார்க்கத்தான் வந்திருக்கிறாள்.

வந்தவர்கள் ஆறுதல் சொன்னார்கள். ஹண்ட் கெட்டவன், எங்களில் எல்லோரும் அவனைப் பழிக்கிறோம், இந்த நாட்டிலுள்ள விலங்குத் தோல் முழுவதையும் தருவதாக இருந்தாலும் நாங்கள் அப்படிச் செய்ய மாட்டோம் என்றார்கள். சின்னச் சின்னப் பொருள்கள் சிலவற்றை அவள் கையில் கொடுத்தார்கள். அவர்கள் மனசாரத்தான் சொன்னார்கள் என்று நினைக்கிறேன். அவள் பெயரை மட்டும் யாரும் கேட்டு எழுதவில்லை.

பையன் கிடைத்தான். எங்கே தெரியுமா? நோசெட்டில். ஏழு பேரைப் பறிகொடுத்த அதே நோசெட்டில். தலைவர் ஆஸ்பினெட் பெரிய கூட்டத்தோடு வந்தார். பிள்ளை நனையாமல் ஒருவர் தண்ணீரில் தூக்கிக்கொண்டு வந்தார். கழுத்தில் மணிமாலைகள் போட்டு அழகு பண்ணித் திருப்பிக் கொடுத்தார்கள். இதைப் பாப்பாவுக்குக் கட்டாயம் சொல். நாடகம் போட வேண்டுமானால் இந்தக் காட்சியைப் போடலாம்.

சரி, உடன்படிக்கைக்கு வருகிறேன். 1621 மார்ச் 22 அன்று ஊசாமேக்வின் அறுபது பேரோடு வந்தார். பாடப்புத்தகங்கள் இதை அவருடைய நல்ல மனசாக மட்டும் சொல்கின்றன. அவர் கணக்குத் தெரிந்த அரசர். கொள்ளைநோயில் அவர் மக்கள் பாதிக்கு மேல் போய்விட்டார்கள். மேற்கே இருந்த நாராகன்செட் மக்களை நோய் அவ்வளவாகத் தொடவில்லை, அவர்கள் இவரைப் பணிய வைக்கப் பார்த்தார்கள். துப்பாக்கி வைத்திருக்கும் இந்தச் சிறு கூட்டம் பக்கத்தில் இருந்தால் பலம் என்று எண்ணினார். அந்தக் கூட்டமும் நொந்து போயிருந்தது. கப்பலில் வந்த 102 பேரில் பாதிப் பேர் முதல் குளிர்காலத்திலேயே இறந்துவிட்டார்கள். இரண்டு பக்கமும் பிணம் புதைத்த கையோடுதான் பேச உட்கார்ந்தார்கள்.

ஒருவருக்கொருவர் தீங்கு செய்யக்கூடாது, வேறு யாராவது படையெடுத்தால் துணைக்கு வர வேண்டும் என்றெல்லாம் பேசிக்கொண்டார்கள். அதில் ஒரு ஷரத்து: உங்கள் ஆட்கள் எங்களிடம் வரும்போது வில்லையும் அம்பையும் வெளியே வைத்துவிட்டு வர வேண்டும். 1622இல் லண்டனில் அச்சான பதிவில், நாங்களும் உங்களிடம் வரும்போது துப்பாக்கியை வைத்துவிட்டு வருவோம் என்று மறுபாதியும் இருக்கிறது. பல வருஷம் கழித்து ஆளுநர் பிராட்ஃபோர்டு எழுதிய சரித்திரத்தில் அந்த மறுபாதி இல்லை. எந்தப் பாதி விடுபட்டுப் போனது என்று கவனி.

ஊசாமேக்வின் தன் மொழியில் என்ன சொன்னார் என்பதற்கு எழுத்து இல்லை. டிஸ்குவாண்டமும் சமோசெட்டும் மொழிபெயர்த்ததை இவர்கள் எழுதிக்கொண்டார்கள், அவ்வளவே. நம் ஊர் ஞாபகம் வந்தது. மேஃபிளவர் கேப் காட்டில் நங்கூரம் போட்ட அதே 1620 நவம்பரில்தான் தஞ்சை ரகுநாத நாயக்கர் டேனிஷ்காரர்களுக்குத் தரங்கம்பாடியில் இடம் கொடுத்து உடன்படிக்கை செய்தார். டென்மார்க் மன்னருக்கு அவர் அனுப்பிய தங்க ஏட்டில் இருப்பது தமிழ். கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இன்றும் பத்திரமாக இருக்கிறது. நாயக்கர் சொன்னது அவர் ஏட்டிலேயே நிற்கிறது. ஊசாமேக்வின் சொன்னதை எதிராளியின் பேனா வழியாகத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. சிறுவயதில் நீ கோட்டைச் சுவரில் ஏறி விளையாடுவாயே, இத்தனை வருஷம் அந்தக் கோட்டை வாசலில் நடந்தும் எனக்கு இது தோன்றியதில்லை.

நன்றி நாளுக்கு மூலம் என்று சொல்லும் விருந்து விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அந்த வசந்தத்தில் இருபது ஏக்கர் மக்காச்சோளம் போட்டார்கள். குழிக்குக் குழி மீனை உரமாக வைத்து நடும் முறையை டிஸ்குவாண்டம் காட்டினார். சோளம் நன்றாக வந்தது, இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த பட்டாணி அறுக்கக்கூடத் தேறவில்லை. இலையுதிர் காலத்தில் ஊசாமேக்வின் தொண்ணூறு ஆட்களோடு வந்து மூன்று நாள் இருந்தார். அவர்கள் ஐந்து மான் வேட்டையாடிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதைப் பற்றி அன்று எழுதியது, குடியேறியவர்களில் ஒருவரான எட்வர்ட் வின்ஸ்லோவின் ஒரு கடிதத்தில் சில வரிகள், அவ்வளவுதான். இவ்வளவு பெரிய பண்டிகை அந்தச் சில வரிகளின் மேல் நிற்கிறது.

இந்த வின்ஸ்லோவை நினைவில் வைத்துக்கொள். 1623இல் ஊசாமேக்வின் சாகக் கிடந்தார். வின்ஸ்லோ இரண்டு நாள் நடந்து போனார். தடித்துப் போயிருந்த நாக்கைத் தன் கையால் சுரண்டிச் சுத்தம் செய்து, கஞ்சி காய்ச்சி ஊட்டினார். பிழைத்தெழுந்த ஊசாமேக்வின், உயிருள்ளவரை இதை மறக்க மாட்டேன் என்றார். நாற்பது வருஷம் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். இப்படி ஒரு மனிதரும் அந்தப் பக்கத்தில் இருந்தார் என்பதையும் பாப்பா தெரிந்துகொள்ள வேண்டும். எல்லோரையும் ஒரே சாயத்தில் முக்கிவிடாதே.

அடுத்த தலைமுறையில்தான் எல்லாம் தலைகீழானது. கப்பல் கப்பலாக ஆட்கள் வந்தார்கள். அவர்களுடைய மாடுகளும் பன்றிகளும் வேலியில்லாத சோளக் கொல்லைகளில் இறங்கின. நிலம் பத்திரம் பத்திரமாகக் கைமாறியது. ஊசாமேக்வின் 1661 வாக்கில் மறைந்தார். மூத்த மகன் வாம்சுட்டா தலைவரானார். 1662இல் பிளிமவுத் அவரை விசாரணைக்குக் கூப்பிட்டது. ஆயுதத்தோடு போய் அவரைக் கூட்டிவந்தவர் ஜோசையா வின்ஸ்லோ. ஆமாம், கஞ்சி ஊட்டிய அந்த வின்ஸ்லோவின் மகன். வாம்சுட்டா அந்தப் பயணத்திலேயே நோய்ப்பட்டுக் கொஞ்ச நாளில் இறந்தார். விஷம் வைத்துவிட்டார்கள் என்று அவர் மக்கள் நம்பினார்கள்.

தம்பி மெட்டாகொம் வந்தார். இங்கிலீஷ்காரர்கள் அவரை பிலிப் என்றார்கள். 1675 ஜூனில் போர் மூண்டது. அதன் படைநகர்வுகளை எழுதப் போவதில்லை, மனசு வரவில்லை. இரு பக்கமும் ஊர் ஊராக எரிந்தது. 1676 ஆகஸ்ட் 12 அன்று மெட்டாகொமைச் சுட்டுக் கொன்றார்கள். அவர் தலை பிளிமவுத்துக்கு வந்து சேர்ந்த நாள் அங்கே நன்றி செலுத்தும் நாளாக இருந்தது. இருபது வருஷத்துக்கு மேல் அந்தத் தலை ஒரு கம்பத்தில் நின்றது. டிஸ்குவாண்டம் மீன் வைத்து நடக் காட்டிக்கொடுத்த அதே ஊரில்.

மெட்டாகொமின் மனைவியும் ஒன்பது வயது மகனும் முன்பே பிடிபட்டிருந்தார்கள். பிள்ளையைக் கொல்வதா, விடுவதா என்று போதகர்கள் வேதத்தைப் புரட்டி மாதக்கணக்கில் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொண்டார்கள். கொல்லலாம் என்றார்கள் சிலர். கூடாது என்று வாதாடிய ஒருவரும் இருந்தார். 1677 மார்ச்சில் ஒரு போதகர் தன் கடிதத்தில் எழுதுகிறார்: பிலிப்பின் பையன் இப்போது விற்கப்படப் போகிறான். நூற்றுக்கணக்கான வாம்பனோவாக் மக்களைக் கப்பலேற்றி விற்றபோது பிளிமவுத்தின் ஆளுநர் யார் என்றால், அதே ஜோசையா வின்ஸ்லோ.

அந்தப் பையன் ஊசாமேக்வினின் பேரன், அம்மு. காணாமல் போன இங்கிலீஷ் பிள்ளையைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லியனுப்பியவரின் பேரன். அந்தப் பிள்ளை கழுத்தில் மாலையோடு வீடு வந்து சேர்ந்து ஐம்பத்தாறு வருஷம் ஆகியிருந்தது. எல்லாத் தோலையும் கொடுத்தாலும் செய்ய மாட்டோம் என்று அந்தக் கிழவியிடம் சொன்ன வார்த்தைக்கும் அதே வயது. நான் இரண்டு நாள் இந்த வருஷக் கணக்கையே போட்டுக்கொண்டிருந்தேன். அப்பா, "என்ன, பேங்க் கணக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இன்னும் ஒன்று. பாஸ்டன் போதகர் காட்டன் மேதர். கம்பத்திலிருந்த மெட்டாகொமின் மண்டையோட்டிலிருந்து தாடையை இந்தக் கையால்தான் கழற்றினேன் என்று அவரே பெருமையாக எழுதியிருக்கிறார். அதே கை பின்னாளில் நம் தரங்கம்பாடிக்குக் கடிதம் எழுதியது. சீகன்பால்குவுக்கு! அந்தக் கடிதப் போக்குவரத்து 1721இல் பாஸ்டனில் அச்சாகியிருக்கிறது. புதிய எருசலேம் ஆலயத்து வாசலில் எத்தனை முறை உன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அவர் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட கதையை அங்கே நின்றுதான் உனக்குச் சொன்னேன்.

வாம்பனோவாக் மக்களின் மொழிக்கும் அப்படி ஒரு கதை இருக்கிறது. ஜான் எலியட் என்ற போதகர், அந்த மண்ணின் மக்கள் பலர் கூட இருந்து உதவ, முழு வேதாகமத்தையும் அவர்கள் மொழியில் பெயர்த்தார். 1663இல் கேம்பிரிட்ஜில், ஹார்வர்ட் வளாகத்தில் அச்சானது. அமெரிக்காவில் அச்சான முதல் முழு வேதாகமம் அதுதான், இங்கிலீஷில் அல்ல. அவர்களைத் தங்கள் வழிக்குக் கொண்டுவருவதற்காகச் செய்த வேலை. ஆனால் வாம்பனோவாக் மக்கள் அந்த எழுத்தை வாங்கித் தங்களுக்காக எழுதிக்கொண்டார்கள். நிலப் பத்திரம், உயில், கடிதம், முறையீடு. நூறு வருஷத்துக்கு மேல் எழுதினார்கள். பிறகு பத்தொன்பதாம் நூற்றாண்டில் மெல்ல மெல்லப் பேச ஆளில்லாமல் போனது.

ஏறத்தாழ நூற்றைம்பது வருஷம் யாரும் பேசாத மொழி. 1993இல் கேப் காட்டில் உள்ள மாஷ்பியைச் சேர்ந்த ஜெசி லிட்டில் டோ பேர்ட் என்ற பெண் அதை மீட்கும் வேலையில் இறங்கினார். கனவில் முன்னோர்கள் வந்து புரியாத மொழியில் பேசினார்கள் என்கிறார். எம்ஐடியில் மொழியியல் படித்தார். அந்த வேதாகமத்தையும், தன் மூதாதையர் எழுதிய உயில்களையும் பத்திரங்களையும் வைத்து, சொல் சொல்லாக, விகுதி விகுதியாக மொழியைக் கட்டினார். தன் பெண் குழந்தையிடம் பிறந்ததிலிருந்து அந்த மொழியிலேயே பேசினார். பல தலைமுறைக்குப் பின் அதைத் தாய்மொழியாகக் கேட்டு வளர்ந்த முதல் பிள்ளை அவள்தான். இதைப் படித்தபோது என்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். ஒரு தாய் தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வேறு யாருக்கும் தெரியாத மொழியில் பேசத் தொடங்குகிறாள். அதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! அங்கே பாப்பாவிடம் தமிழ் பேசுவது கஷ்டமாக இருக்கிறது, அவளும் இங்கிலீஷில்தான் பதில் சொல்கிறாள் என்று நீ சொல்வாயே. நான் உன்னைக் குற்றம் சொல்லவில்லை, உன் அலைச்சல் எனக்குத் தெரியும். அந்தப் பெண்ணைப் பற்றி நீ ஒருமுறை படித்துப் பார் என்று மட்டும் கேட்கிறேன்.

அவர்கள் எங்கேயும் போய்விடவில்லை. மாஷ்பியிலும் அக்வின்னாவிலும் இருக்கிறார்கள். அக்வின்னா வாம்பனோவாக் மக்களை அமெரிக்க அரசு 1987இல் பழங்குடி அரசாக அங்கீகரித்தது, மாஷ்பி மக்களை 2007இல்தான். பாப்பா இறகு கட்டிக்கொண்டிருந்த அதே நாளில் அவர்கள் பிளிமவுத்தில் ஊசாமேக்வின் சிலைக்குக் கீழே துக்க நாள் கூட்டம் போடுகிறார்கள். 1970இலிருந்து நடக்கிறது. அந்த வருஷம் 350ஆவது ஆண்டு விழாவில் பேச ஒரு வாம்பனோவாக் ஆசிரியரை அழைத்தார்கள். வாம்சுட்டா ஃபிராங்க் ஜேம்ஸ் என்று பெயர். உரையை முன்கூட்டியே வாங்கிப் படித்துவிட்டு மாற்றச் சொன்னார்கள். அவர் மாட்டேன் என்று சொல்லிவிட்டு, சிலை நிற்கிற அந்தக் குன்றில் போய்ப் பேசினார். நாம் போனபோது அங்கே ஒரு பலகை இருந்தது. குளிருக்குப் பயந்து நான் படிக்காமல் காருக்கு ஓடி வந்துவிட்டேன். இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. எனக்காக அதை ஒருமுறை போய்ப் படித்துவிட்டு வா.

இப்போது பாப்பாவுக்கு. தலை விஷயமும் தாடை விஷயமும் வேண்டாம், ஏழு வயதுக் குழந்தை. டிஸ்குவாண்டத்தைப் பிடித்துக்கொண்டு போனதைச் சொல்லலாம், அவளால் தாங்க முடியும், கேட்டதே அவள்தானே. கிழவியைப் பற்றிச் சொல்லும்போது அவளை மடியில் வைத்துக்கொண்டு சொல். மாலை போட்டுக்கொண்டு வந்த பையனைக் கட்டாயம் சொல். விற்கப்பட்ட பையனைப் பற்றி அவளுக்குப் பத்துப் பன்னிரண்டு வயதாகும்போது நீ சொல்லுவாய் என்று நம்புகிறேன். மறந்துவிடக்கூடாது என்றுதான் இந்தக் கடிதத்தைக் காகிதத்தில் எழுதுகிறேன். பீரோவில் பத்திரப்படுத்து.

பள்ளிக்கூடத்தில் சண்டை போட வேண்டாம். அந்த டீச்சர் பிள்ளைகளிடம் பிரியமாக இருப்பதை நானே பார்த்தேன். பாப்பாவின் கேள்வியை அவரிடம் பாப்பாவே கேட்கட்டும்.

மாசசூசெட்ஸ் என்ற பெயரே பெரிய மலைப் பக்கம் என்று அர்த்தம் தருகிற அந்த மண்ணின் சொல். எந்த மலை? குவின்சியில் உங்கள் பால்கனியிலிருந்து தெரிகிறதே, இலை சிவக்கும் காலத்தில் நாம் ஏறினோமே, அந்த ப்ளூ ஹில்தான். நாளைக் காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது அவளுக்குக் காட்டு.

அப்புறம் ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை அவளை பிளிமவுத் கூட்டிப் போ. கல்லைப் பார்க்க வேண்டாம். அந்த ஊர் நடுவே ஓடுகிற ஓடைக்குப் போங்கள். வசந்தத்தில் கடலிலிருந்து ஹெர்ரிங் மீன்கள் கூட்டமாக எதிர்நீச்சல் போட்டு அந்த ஓடையில் ஏறும். டிஸ்குவாண்டம் சோளக் குழியில் வைத்தது அந்த ஓடைக்கு வருகிற மீனைத்தான். ஆலைகளுக்காகக் கட்டிய தடுப்பணைகளை இடித்து அவற்றுக்கு வழிவிட்டிருக்கிறார்கள். தன்னார்வலர்கள் கரையில் நின்று பத்து நிமிஷத்துக்கு எத்தனை ஏறுகிறது என்று எண்ணுவார்களாம். பாப்பாவையும் எண்ணச் சொல். எண்ணியதை எனக்குப் போன் பண்ணித் தமிழில் சொல்லச் சொல். நூறைத் தாண்டினால் தடுமாறுவாள். தடுமாறட்டும், நான் எடுத்துக் கொடுக்கிறேன்.

அரிசி வடகமும் மோர் மிளகாயும் வெயில் வந்ததும் போட்டு அனுப்புகிறேன். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
அம்மா